குறுணல் தின்ற புழு, குரக்கன் தின்ற புழு: வெள்ளவத்தையில் ஒரு குளவி வளர்ப்பு

பிரக்கான் என்பது புழுக்களைக் கொட்டித் தன் குஞ்சுகளுக்கு இரையாக்கும் சின்னக் குளவி; தென்னையைத் தின்னும் புழுவை அடக்க இதை வளர்த்துத் திறந்து விடுவார்கள். இந்தக் குளவியை வளர்ப்பது பெரிய வித்தையில்லை. அதற்குக் கொடுக்கும் புழுவை வளர்ப்பதுதான் வேலை. அந்தப் புழு எதைத் தின்று வளர்ந்தது என்பது குளவி வரைக்கும் போய்ச் சேரும் என்று படித்திருந்தேன். எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்று கையால் செய்து பார்க்க ஆசை. கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய தானியங்களை வைத்து வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

சொறியைக் கிளறி விட்டது என் மச்சான். மாரவிலப் பக்கம் அவனுக்குத் தென்னங்காணி இருக்கிறது. ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் எச்சமுமாகக் குழாய் கட்டி, உள்ளே இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழு அங்கே அவ்வப்போது தலை காட்டும். மருந்தடிக்க உயரமும் விடாது, கிணறும் பக்கத்தில். ஒருமுறை வேறோர் இடத்தில் வாங்கிய குளவிகளைத் திறந்து விட்டுப் பார்த்தவன், "மச்சான், பூச்சி உயிரோடதான் வந்தது. ஆனா பறக்கத் தெம்பில்லை, போத்தல் வாயிலேயே குந்தி இருக்குது" என்றான். பறக்கத் தெம்பில்லாத குளவி என்றால் அதை வளர்த்த புழுவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தென்னையில் பூச்சியை வைத்துப் பூச்சியை அடக்குவது இலங்கைக்குப் புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் புரொமெக்கோதேக்கா என்ற இலைசுரங்க வண்டு தென்னைகளைப் பிடித்தபோது, சிங்கப்பூரிலிருந்து டிமொக்கியா ஜவானிக்கா என்ற குளவியைக் கொண்டு வந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். 2008-இல் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தபோதும் அசெரோபாகஸ் என்ற சின்னக் குளவிதான் கைகொடுத்தது.

நான் எடுத்துக்கொண்டது ஹப்ரோபிரக்கான் ஹெபெட்டர். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம். நம்மை ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து தருவிக்கவும் தேவையில்லை, அரிசிக் கோதாம்களில் தானாகவே திரியும். அதற்கு இரையான அரிசி அந்துப்பூச்சியை, அதாவது கொர்சைரா செஃபலோனிக்காவை, கொழும்பில் அரிசி வாங்குகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அரிசியை நூலால் பின்னிக் கட்டி கட்டியாக்கி வைப்பது இதன் குடம்பிதான்.

இந்தக் குளவி புழுவைக் கொட்டி முடக்கிவிட்டு, அதன் தோலின் மேல் முட்டைகளை இடும். பொரிக்கும் குஞ்சுப் புழுக்கள் வெளியிலிருந்தபடியே உறிஞ்சிக் குடித்து, சில நாளில் பக்கத்திலேயே வெள்ளைக் கூடு கட்டும். கொட்டிய கணத்தோடு புழுவின் சாப்பாடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அது ஒரு மில்லிகிராம் கூட வளராது. ஆகவே குளவிக் குஞ்சுகளுக்கு மிஞ்சுவது, அந்தக் கணம் வரைக்கும் புழு உடம்பில் சேர்த்து வைத்தது மட்டும்தான். கொட்டீசியா போன்ற குளவிகளின் கதை வேறு. அவை உயிரோடு தின்று வளர்கிற புழுவுக்குள்ளேயே குடியிருக்கும். அவற்றுக்குப் புழுவின் இலைச் சாப்பாடு அன்றாடம் வந்துகொண்டே இருக்கும், இலையில் நஞ்சிருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

புழுவுக்கும் குளவிக்கும் போன இடம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு. நாட்டாமைகள் மூட்டையோடு ஓடுகிற நேரத்தில் அங்கே நின்று பூச்சி தேடுவது லேசில்லை. தெரிந்த கடையின் பின்பக்கக் கோதாமில் ஒதுக்கி வைத்திருந்த பழைய சாக்குகளைக் கேட்டேன். முதலாளி சிரித்தார்: "புழு விழுந்த அரிசியை எல்லாரும் திருப்பிக் கொண்டு வருவினம் தம்பி, நீர் ஒராள்தான் அதைக் கேட்டு வாறீர்." சாக்கைப் பிரித்தால் உள்ளே நூல்கட்டிகள், அந்துப்பூச்சி, அதைத் தேடி வந்த குளவிகள், எல்லாமே இருந்தன. ஒன்றை மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக் கொண்டேன்: அந்தச் சாக்குகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கவில்லை. மருந்து பட்ட தானியத்தில் புழு ஒருவேளை பிழைத்துக்கொள்ளும், குளவி பிழைக்காது.

நான்கு வகைத் தீனி எடுத்தேன். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசிக் குறுணல். தீட்டாத சிவப்பரிசிக் குறுணல். உடைத்த குரக்கன் (கேழ்வரகு). பிறகு, பறவைத் தீனிக் கடையில் வாங்கிய இறுங்கை (சோளத்தை) உடைத்து, நிலக்கடலைப் பொடியும் ஈஸ்ட்டும் கலந்த கலவை. இந்தியாவில் இந்தப் பூச்சியைப் பெருவாரியாக வளர்க்கிற ஆய்வுகூடங்களில் கம்பைத்தான் பாவிப்பார்கள். இரண்டரைக் கிலோ கம்புக்கு நூறு கிராம் கடலைப் பொடி, ஐந்து கிராம் ஈஸ்ட், ஐந்து கிராம் நனையும் கந்தகத் தூள் என்பது அங்கே வழக்கமான கணக்கு. எனக்குக் கம்பு கிடைக்காததால் இறுங்குக்குப் போனேன். கந்தகம் சிலந்திப்பேன் மாதிரியான சிற்றுண்ணிகள் வராமலிருக்க. அதை நான்கு பேசினுக்கும் ஒரே அளவில் போட்டேன். இல்லாவிட்டால் எது தீனியின் வேலை, எது கந்தகத்தின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தானியத்தை மாவாக அரைக்கக் கூடாது. கொழும்பின் ஈரக் காற்றில் குரக்கன் மா இறுகிப் பூஞ்சணம் பிடித்துவிடும், புழுவுக்கு உள்ளே போக வழியும் இருக்காது. இரண்டாய் மூன்றாய் உடைத்தால் போதும். உடைத்ததை அவணில் 100 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, உள்ளே ஏற்கனவே இருக்கிற வண்டு முட்டைகளைக் கொன்று, ஆற விட்டுத்தான் பேசினில் கொட்ட வேண்டும். மேலே அந்துப்பூச்சி முட்டையைத் தூவி, கொட்டன் துணியால் மூடி, ரப்பர் பட்டி போட்டேன். வெப்பப் பெட்டி எதுவும் வேண்டியதில்லை. இந்த ஊரின் 27, 30 பாகையும் கடற்காற்றின் ஈரமும் இந்தப் பூச்சிக்கு வலு பிடித்தமானவை. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட வேண்டும். எறும்பு ஏறினால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. அந்துப்பூச்சிகள் வெளிவரத் தொடங்கினால் சிறகுச் செதில் அறை முழுக்கப் பறக்கும். இதை நெடுநாள் வளர்த்த பலருக்கு இளைப்பும் ஒவ்வாமையும் வந்ததுண்டு, ஆகவே முகக்கவசம் போடாமல் பேசினைத் திறக்கக் கூடாது. அடுத்தது, குளவிப் போத்தலும் புழுப் பேசினும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. கொர்சைரா வளர்க்கிற கூடங்களுக்குப் பெரிய தலையிடியே இந்தப் பிரக்கான்தான். ஒன்று தப்பினாலும் துணியின் மேலிருந்தபடியே பேசினுக்குள் இருக்கும் புழுக்களைக் கொட்டும். நான் குளவிகளைப் பல்கனிப் பக்கத்துக்கு மாற்றினேன். அந்துப்பூச்சி குசினியின் அரிசிப் பேணிக்குப் போய்விடுமோ என்று வீட்டில் எழுந்த முறைப்பாட்டுக்கு இதுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

நான்கு பேசினும் ஒரே வேகத்தில் வளரவில்லை. இறுங்குக் கலவைப் புழுக்கள் முந்தின. சிவப்பரிசியும் குரக்கனும் கொஞ்சம் பின்னால் வந்தன. தீட்டிய அரிசிப் புழுக்கள் இழுத்து இழுத்து வளர்ந்தன, ஒரே நாள் முட்டையில் பிறந்தவையே ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருந்தன. இதற்குக் காரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. அரிசியைத் தீட்டும்போது தவிடு போகிறது. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய். பி வகை விட்டமின்களில் பெரும்பங்கும் அதில்தான். 1890களில் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு சேர்த்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோழிகளுக்குக் குறைந்ததுதான் என் வெள்ளைப் பேசினிலும் குறைந்தது. பூச்சிகளுக்கும் பி விட்டமின் வெளியிலிருந்து வர வேண்டும். கலவையில் ஈஸ்ட் சேர்ப்பதே அதற்குத்தான். ஸ்டெரோல் என்ற கொழுப்பு வகையைப் பூச்சிகளால் உடம்பில் செய்யவே முடியாது. லினோலியிக் அமிலமும் பல அந்துப்பூச்சிகளுக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும்.

சரி, புழு நன்றாக வளர்ந்தால் குளவியும் நன்றாக வரும் என்று இத்தோடு முடிக்கலாம்தான். ஆனால் அதில் இரண்டு விஷயம் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கிறது. தீட்டிய அரிசிப் புழு சிறிது. சிறிதாக இருப்பதால் குளவி குறைகிறதா, அல்லது அதே பருமனில் ஒரு புழுவை எடுத்தாலும் உள்ளே சரக்குக் குறைவா? இரண்டையும் பிரிக்காமல் தீனியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அதற்காகப் புழுவை இரண்டு விதமாகப் பொறுக்கினேன். முதல் தொகுதியில் எல்லாம் ஒரே வயது. பருமன் எப்படியிருந்தாலும் சரி. இரண்டாவது தொகுதியில் எல்லாம் ஒரே எடை. வயது எப்படியிருந்தாலும் சரி. எடை போடச் செட்டியார் தெரு நகைக்கடைகளில் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஒற்றைப் புழுவை அதில் நம்பி நிறுக்க முடியாது. ஒரே மாதிரித் தெரிகிறவற்றைப் பத்துப் பத்தாகச் சேர்த்து நிறுத்தேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எடை ஒன்றாக இருந்தாலும் பருவம் ஒன்றாக இருக்காது. தீட்டிய அரிசியில் வளர்ந்த குள்ளப் புழு கடைசிப் பருவத்தில் இருக்கும், அதே எடையுள்ள இறுங்குப் புழு இன்னும் ஒரு தோலுரிப்பு பாக்கியோடு இருக்கும். தலையோட்டின் அகலத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பருவம் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்து, கடைசிப் பருவத்திலிருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

குளவிக்குப் புழு கொடுக்கும் வழக்கமான முறை, லாம்புச் சிமினியில் இரட்டைத் துணி கட்டுவது. சிமினிக்குள் குளவிகளை விட்டு, வாயில் ஒரு மெல்லிய துணி, அதன் மேல் புழுக்கள், அவற்றின் மேல் இன்னொரு துணி, சுற்றி ரப்பர் பட்டி. குளவிகள் வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறி, துணி வழியே ஊசியை விட்டுக் கொட்டும். குளவி பெருக்குவதற்கு இது அருமையான வழி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவாது, எந்தப் புழுவில் எத்தனை பெண்கள் முட்டையிட்டன என்று தெரியாதே. அதனால் சோதனைக்குச் சின்ன மருந்துப் போத்தல்களை எடுத்து, ஒரு புழு, இணை சேர்ந்த ஒரு பெண் குளவி, ஒரு நாள் என்று வைத்தேன். பெண்ணை அடையாளம் காண்பது லேசு: உணர்கொம்பு குட்டை, வயிற்றின் நுனியில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே வயதுத் தொகுதியில் தீட்டிய அரிசிப் புழுக்களில் கூடுகள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் வெளிவந்த குளவிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை! சிறிய புழு என்று கண்டால் தாய்க்குளவி முட்டையைக் குறைத்துக்கொள்கிறது. பல பிள்ளைகளை ஒரே புழுவில் வளர்க்கிற குளவிகளிடம் இந்தப் பழக்கம் நன்றாகத் தெரிந்த விஷயம். தென்னைக்காக வளர்க்கும் இன்னொரு குளவியான கோனியோசஸ் நெஃபாந்திடிஸும் புழுவின் பருமனைப் பார்த்துத்தான் முட்டை எண்ணிக்கையை வைக்கும். ஆகவே குளவியின் பருமனை மட்டும் பார்த்துத் தீனியை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். பலவீனமான தீனியின் கணக்கைத் தாய் எண்ணிக்கையில் ஏற்றி விடுகிறது.

இந்த இடத்தில் மச்சானின் குளவிகள் நினைவுக்கு வந்தன. சிமினியில் நெருக்கமாக அடைத்த பெண்கள் ஒரே புழுவைத் திரும்பத் திரும்பக் கொட்டி, ஒன்றின் முட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று இட்டால் தாயின் கணக்கு உடைந்து போகிறது. வேண்டுமென்றே ஒரு தீட்டிய அரிசிப் புழுவோடு பல பெண்களை அடைத்து வைத்தேன். சில குஞ்சுகள் கூடு கட்டாமலே செத்தன, வெளிவந்தவை பொடிசு பொடிசாக இருந்தன. இறுங்குப் புழுவில் அதே நெருக்கம் அவ்வளவு பாதிக்கவில்லை. அவனுக்கு வந்த குளவிகள் எந்தத் தீனியில் வளர்ந்தவையோ, மெலிந்த புழுவும் நெருக்கமும் சேர்ந்தால் அந்த மாதிரி போத்தல் வாயிலேயே குந்துகிற குளவிகள் வரும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது தொகுதியில், எடை ஒன்று என்பதால், கூடுகளின் எண்ணிக்கை நான்கு தீனிக்கும் கிட்டத்தட்டச் சரிசமமாக வந்தது. வெளிவந்த குளவிகளுக்குத் தேன் தொட்ட பஞ்சு வைத்தபோதும் எல்லாம் நன்றாகவே இருந்தன. தேனை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தபோதுதான் கதை பிரிந்தது. தீட்டிய அரிசி வழி வந்த குளவிகள் முதலில் விழுந்தன. குரக்கன் வழி வந்தவை நடுவில். சிவப்பரிசியும் இறுங்குக் கலவையும் கடைசி வரை நின்றன, அந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்ந்த பிறகு சீனியைத் தின்றாலும் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்க்க முடியாதவை. புழுவிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்த கொழுப்புத்தான் கைமுதல். இருக்கிற வரைக்கும் செலவழிக்கலாம், கூட்ட முடியாது. தேன் இருந்தால் அன்றாடச் செலவுக்கு அது போதும், கைமுதலைத் தொட வேண்டியதில்லை. அதனால்தான் தேன் வைத்த போத்தலில் தீனியின் குறை மறைந்துவிடுகிறது. தென்னந்தோட்டத்தில் தேன் பஞ்சு தொங்குவதில்லை. ஆக, வளர்ப்பவர் தன் குளவியின் தரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பிடியைத் தேனில்லாமல் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை என்பது என் அபிப்பிராயம். நிறையப் பெண் இருக்கிறது, நன்றாகப் பறக்கிறது என்பதெல்லாம் தேன் குடித்த முகத்தைப் பார்த்துச் சொல்கிற நற்சான்றிதழ்.

ஆண்-பெண் கணக்கைத் தீனியின் தலையில் கட்டக் கூடாது. இந்த இனத்தில் கருக்கட்டாத முட்டை ஆணாகும், கருக்கட்டியது பெண்ணாகும். அதற்குள்ளும் ஒரு சிக்கல்: பாலைத் தீர்மானிப்பது ஒரே மரபணு இடம். அங்கே தாய்வழி, தகப்பன்வழிப் பிரதிகள் இரண்டும் வேறு வேறாக இருந்தால்தான் பெண். கூடப் பிறந்தவை இணை சேர்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டால், கருக்கட்டிய முட்டையும் ஆணாகி, அதில் பெரும்பகுதி பொரிக்காமலே அழிந்துவிடும். 1940களில் வைட்டிங் என்ற அமெரிக்க மரபியலாளர் இதே பிரக்கானை வைத்துத்தான் இதை விளக்கினார். ஒரே போத்தல் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டினால் எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் பெண் குறையும். அதற்கு மருந்து, இடைக்கிடை நாலாம் குறுக்குத் தெருச் சாக்கிலிருந்து புது இரத்தம் கொண்டு வருவது. சோதனையிலும் ஒரு தாயின் மகள்களை நான்கு தீனிக்கும் பங்கிட்டு வைத்தேன், குடும்ப வித்தியாசம் தீனி வித்தியாசமாகத் தோன்றிவிடாமல்.

தானியத்தில் சத்துக் குறைவுதான் பிரச்சினை. செடி இலையில் நஞ்சும் சேரும். தக்காளியில் இருக்கும் டொமாட்டின் என்ற பொருளை வைத்து 1979-இல் காம்ப்பெல், டஃபி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. டொமாட்டின் கலந்த தீனி தின்ற காய்ப்புழுவுக்குள் வளர்ந்த ஹைப்போசோட்டர் குளவிகள் மெதுவாக வளர்ந்தன, சிறுத்தன, சீக்கிரம் செத்தன. பிறகு அவர்களே தீனியில் ஸ்டெரோலைக் கூட்டியபோது நஞ்சின் வேகம் குறைந்தது, டொமாட்டின் ஸ்டெரோலோடு போய் ஒட்டிக்கொள்வதால். பூச்சியை எதிர்க்கட்டும் என்று செடியில் நஞ்சைக் கூட்டி வளர்த்தால், அந்தப் பூச்சியைக் கொல்ல வருகிற குளவியையும் அது பிடிக்கும் என்பது தக்காளிச் செய்கைக்காரர்கள் கேட்டு வைக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, வாசனை. என் குளவிகள் தானிய நெடியும் கொர்சைராவின் எச்சமும் தவிர வேறொன்றும் அறியாதவை, போகப்போவது தென்னோலைக்கு. மைக்ரோப்ளைட்டிஸ் என்ற குளவி புழுவின் எச்சத்தைத் தொட்டுப் பார்த்து, அதோடு வருகிற வாசனையைக் கற்றுக்கொள்வதை லூயிஸ், டம்லின்சன் இருவரும் 1988-இல் காட்டினார்கள். அதை நம்பி, மச்சானிடம் கருந்தலைப் புழுக் குழாயோடு சில ஓலைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு பகுதிக் குளவிகளோடு ஒரு நாள் வைத்தேன். பிறகு புது ஓலைத் துண்டைப் போட்டதும், பழகியவை நேரே போய் உணர்கொம்பால் குழாயைத் தட்டத் தொடங்கின. பழகாதவை சுவரிலேயே வெகுநேரம் திரிந்தன. போத்தலுக்குள் கண்டது இவ்வளவுதான். மரத்தில் எப்படி என்பதை மச்சானின் காணிதான் சொல்ல வேண்டும்.

இப்போது குரக்கன் பேசினையும் வெள்ளரிசிப் பேசினையும் நிறுத்திவிட்டேன். சிவப்பரிசிக் குறுணல் ஒரு கிலோ, கடலைப் பொடி நாற்பது கிராம், ஈஸ்ட் இரண்டு கிராம், கந்தகம் இரண்டு கிராம் என்று ஓடுகிறது. இறுங்கு எப்போதும் கிடைப்பதில்லை, சிவப்பரிசி தெரு முழுக்கக் கிடைக்கும். தேனில்லாத போத்தல் ஒன்றை ஒவ்வொரு தலைமுறைக்கும் வைக்கிறேன். மச்சானுக்குச் சொல்லி வைத்திருப்பது இரண்டு விஷயம்: வெயில் தணிந்த பிறகு மரத்தடியில் திற, மழை என்றால் அடுத்த நாள் பார். போத்தல் வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொல், குளவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும், புழு தயாராகத்தான் ஒரு மாதம் எடுக்கும்.